துடுப்பு மீனும் கரையிலேயே நிற்கும் நம் மொழியும்

2025 மே மாத இறுதியில் தமிழகக் கடலில் மீனவர் வலையில் ஏறி வந்த ஒரு மீனின் காணொளி இரண்டே நாட்களில் எல்லாக் கைபேசிகளையும் சென்றடைந்தது. ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று தூக்கிப் பிடித்திருந்த, வெள்ளித் தகடு போல மின்னிய, தலையில் சிவந்த கொண்டை கொண்ட நீண்ட மீன். முப்பது அடி என்றன செய்திகள். நீளத்தைச் சொன்ன கையோடு பெயரையும் சூட்டினார்கள்: ‘பேரழிவு மீன்’. அது மேலே வந்தால் பூமி நடுங்கும், கடல் பொங்கும் என்று ஒரு பின்குறிப்பு.

செய்தித் தொழிலில் இருப்போர் இப்படி எழுதுவதில் எங்களுக்கு வியப்பில்லை. ஆனால் தாம்பரத்தைச் சுற்றி வாழ்கிற, சிற்றிதழ் படித்து வளர்ந்த, மொழியைப் பற்றி மணிக்கணக்கில் சர்ச்சை செய்கிற எங்கள் வட்டமும் அதைத்தான் செய்தது. ஒரு நண்பர் காணொளியை அனுப்பி, இயற்கை நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது என்று எழுதினார். இன்னொருவர் அதற்குக் கவிதையே எழுதிவிட்டார். மறுத்துப் பேசியவர் எவரும் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரை முதலில் எங்களுக்கு எதிரானது. மற்றவர்களுக்கு எதிரானது பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூரில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் கூடுவது எங்கள் வழக்கம். அந்தத் தெருவுக்கு மீன் கூடையோடு வருகிற ஓர் அம்மா உண்டு. கடலோரக் குப்பத்துக்காரர். 2004இல் வீட்டையும் படகையும் இழந்தவர். வேறென்ன இழந்தார் என்பதை நாங்கள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. அந்த வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்: “மறுபடியும் தண்ணி உள்ள வருமாமே, நெசமா சார்? இவ்ளோ பொஸ்தகம் படிக்கிறீங்க, நீங்க சொல்லுங்க.” மகனை மூன்று நாளாகக் கடலுக்கு விடவில்லை என்றார். எங்களிடம் பதில் இல்லை. “அதெல்லாம் புரளிம்மா” என்று ஒருவர் முணுமுணுத்தார். எப்படிப் புரளி, எதனால் புரளி என்று விளக்க ஒரு வாக்கியம்கூட எங்கள் எவரிடமும் இருக்கவில்லை. கவிதை எழுதியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாக்கியங்களைத் தேடியதன் விளைவுதான் இனி வருவது.

முதலில் அந்த மீன் எது என்று பார்ப்போம். ரிகாலிகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த அதனைத் துடுப்பு மீன் என்று சொல்லலாம். நம் சந்தையில் கிடைக்கும் வாளைக்கும் இதற்கும் உருவத்தில் சாயல் உண்டு, உறவு இல்லை. எலும்பு மீன்களிலேயே மிக நீளமானது இதுதான். நம்பத்தக்க முறையில் அளக்கப்பட்டவை 8 மீட்டர் வரை. 11 மீட்டர் என்ற கணக்கும் புழக்கத்தில் உண்டு. நீளத்தைத் தவிர அச்சுறுத்துவதற்கு இதனிடம் வேறொன்றும் இல்லை. பட்டை நாடா போன்ற உடல். செதில்கள் கிடையாது, தோலின் மேல் சிறு சிறு முண்டுகள் மட்டும். வெள்ளிப் பளபளப்பைத் தருவது குவானின் என்னும் பொருளின் படலம். தேய்த்தால் கையோடு வந்துவிடும்.

முதுகுத் துடுப்பு கண்ணுக்கு மேலேயே தொடங்கி உடல் முழுவதும் ஓடுகிறது. அதில் 400 வரை கதிர்கள் உண்டு. முதல் பத்துப் பன்னிரண்டு கதிர்கள் மட்டும் நீண்டெழுந்து செங்கொண்டையாக நிற்கின்றன. வயிற்றுத் துடுப்புகள் ஒவ்வொன்றும் ஒற்றைக் கதிராகச் சுருங்கி, நீண்டு, நுனியில் சற்றே விரிந்து, படகோட்டியின் துடுப்பைப் போலத் தொங்குகின்றன. பெயர்க் காரணம் அதுவே. ஆனால் நீந்த உதவுவது அதுவன்று; நீரில் இரையின் சுவையை அறியும் உறுப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காற்றுப்பை கிடையாது. பல் என்று சொல்லத்தக்கதும் கிடையாது. வாய் குழல் போல முன்னே நீண்டு விரிகிறது. செவுளில் சீப்புப் போன்ற சல்லடை இருக்கிறது. கூனி இறாலை ஒத்த சிற்றுயிர்களை நீரிலிருந்து வடித்துத் தின்பதே அதன் பிழைப்பு. உலகத்தின் முடிவை அறிவிக்க வந்ததாக நாம் பட்டம் கட்டிய பிராணி ஒரு பொக்கைவாயன்.

இன்னும் ஒன்று. 2012இல் இப்பேரினத்தைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதிய டைசன் ராபர்ட்ஸ், வளர்ந்த துடுப்பு மீன்களில் ஏறக்குறைய எல்லாமே வால்பகுதியில் ஒரு துண்டை இழந்தவை என்று கண்டார். பகைவன் கடித்ததன்று, தானே கழித்துக்கொள்வது. உயிர்நிலையான உறுப்புகள் அனைத்தும் முன்பகுதியில் ஒடுங்கியிருப்பதால் பின்னால் எவ்வளவு இழந்தாலும் உயிர் போவதில்லை. ஆனால் பல்லி வாலைப் போல அது மீண்டும் வளர்வதுமில்லை. ஏன் இழக்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. வியப்புக்காக அலைகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இது வாழும் இடம் எது? கடலில் சூரிய ஒளி முதல் 200 மீட்டருக்குள் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே 1000 மீட்டர் வரை விடியலும் அல்லாத இருளும் அல்லாத ஓர் அந்தி. அதற்கும் கீழே முழு இருட்டு. துடுப்பு மீன் பெரிதும் அந்த அந்திக் கடலின் வாசி. 1000 மீட்டர் என்பது தாம்பரத்தில் ரயில் ஏறி அடுத்த நிலையமான சானடோரியத்தில் இறங்கும் தூரத்தைவிடக் குறைவு. அதை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பார்த்தால் வேறோர் உலகம்: நூறு மடங்கு அழுத்தம், பத்து பாகைக்கும் கீழான குளிர்; வங்கக் கடலின் நடு ஆழங்களில் உயிர்வளியும் மிகக் குறைவு. இரவானால் கோடானுகோடிச் சிற்றுயிர்கள் இந்த அந்தியிலிருந்து மேலேறி மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் கீழே இறங்கிவிடுகின்றன. தாம்பரம் - கடற்கரை மின்ரயிலின் காலைக் கூட்டத்தையும் மாலைக் கூட்டத்தையும் அறிந்தவர்களுக்கு இந்தப் போக்குவரத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பூமியில் நாள்தோறும் நடக்கிற மிகப் பெரிய உயிர்ப் பெயர்ச்சி இதுதான்.

இந்த அந்தியில் துடுப்பு மீன் எப்படி இருக்கிறது என்பது அண்மைக் காலம் வரை ஊகமாகவே இருந்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் மெக்சிகோ வளைகுடாவில், எண்ணெய்த் துரப்பணப் பணிகளுக்காக இறக்கப்பட்ட ஆளில்லாக் கலங்களின் கேமராக்களில் அது உயிரோடு சிக்கியது. பாம்பைப் போல நெளிந்து செல்லும் என்று ஓவியங்கள் காட்டிய மீன், தலை மேலாக, உடல் தூணைப் போல நேராக, நீருக்குள் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. முதுகுத் துடுப்பில் மட்டும் ஓர் அலை, மேலிருந்து கீழாக. பெருந்தசைகள் இல்லாத, வன்மையான நீரோட்டத்தை எதிர்க்க வலுவில்லாத உடல். நோயுற்றால், அடிபட்டால், புயலோ நீரோட்டமோ தூக்கி எறிந்தால் மேலே வருகிறது, வலையில் சிக்குகிறது, கரையில் ஒதுங்குகிறது. பெரும்பாலும் சாகும் தறுவாயில். நாம் கண்டு அஞ்சிய காட்சி ஓர் உயிரின் மரணம். அது நம்மைப் பற்றியதே அன்று.

இந்த மீன் எங்கிருந்தோ வந்த அந்நியனும் அன்று. அதன் இரண்டு இனங்களில் ஒன்றின் அறிவியற் பெயர் ரிகாலிகஸ் ரசலி. பாட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இக்கரையில் பணிபுரிந்தவர். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் இன்றும் அவரைச் சுமக்கிறது. சோழமண்டலக் கடற்கரையின் விசாகப்பட்டினத்தில் திரட்டிய மீன்களை அவர் விவரித்த நூல் 1803இல் லண்டனில் வெளிவந்தது. அந்த விவரிப்பை ஆதாரமாகக் கொண்டு 1816இல் பாரிஸில் குவியே இந்த இனத்துக்கு ரசலின் பெயரைச் சூட்டினார். அதாவது, இவ்வினம் உலக அறிவுக்கு அறிமுகமான இடமே நம்முடைய இந்தக் கிழக்குக் கரைதான். ரசல் மீன்களைக் கரையோர மக்கள் அழைத்த பெயர்களோடு பதிந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். நம் சவாளை மீனின் அறிவியற் பெயரில் ‘சவாலா’ என்ற சொல் உட்கார்ந்திருப்பது அந்த வழியில்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நிய மருத்துவர் இக்கரை மக்களின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டார். இன்று நாம் அதே கரையில் நின்றுகொண்டு அந்நிய நாளேடுகளின் சொல்லை அம்மக்களின் காதில் ஊற்றுகிறோம்.

நிலநடுக்க விவகாரத்துக்கு வருவோம். நாட்டார் அறிவைப் பகுத்தறிவால் அளக்கக் கூடாது என்று எங்கள் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நாட்டார் அறிவின் மீது எங்களுக்கும் மதிப்புண்டு. ஆனால் இது எந்த நாட்டார்? ‘நாகவேந்தன் மாளிகையின் தூதன்’ என்று இந்த மீனை அழைப்பவர்கள் ஜப்பானியர். 2009-10 குளிர்காலத்தில் ஜப்பானியக் கரைகளில் சில துடுப்பு மீன்கள் ஒதுங்கின. 2011 மார்ச் 11இல் பெருநடுக்கம் வந்தது. இடையில் ஓராண்டு ஓடிவிட்டிருந்தும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு மீன் கிடைத்த இரண்டாம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் 4.4 அளவிலான சிறு நடுக்கம். வதந்திக்கு மறுபடி உயிர் வந்தது. அங்கிருந்து ஆங்கிலத் தலைப்புகளின் வழியாக நம் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. மீன்கார அம்மாவிடம் பிறகு கேட்டோம். “எங்க அப்பன் பாட்டன் யாரும் இப்படிச் சொன்னதில்ல சார். பேரன் போன்லதான் பாத்தேன்” என்றார். இதை மரபு என்று கொண்டாடுவது இறக்குமதிச் சரக்குக்குப் பனையோலை சுற்றி விற்பது போன்றது.

கரையோர மக்களின் உண்மையான மரபறிவு வேறு. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டவர்கள் அவர்கள். தெண்டி, வன்னி என்று நீரோட்டத்தைப் பிரித்தறிந்தவர்கள். நீரின் நிறம் பார்த்து, அலையின் போக்குப் பார்த்து, அடித்தரையில் சேறா பாறையா என்று சொல்லக் கூடியவர்கள். அந்த அறிவை எழுதி வைக்க நம்மில் எத்தனை பேர் எழுதுகோல் எடுத்தோம்? அதற்கு உழைப்பு தேவை. வதந்தியைப் பகிர ஒரு விரல் போதும்.

ஜப்பானியரே இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1928இலிருந்து 2011 மார்ச் வரையிலான பதிவுகளைத் திரட்டி, துடுப்பு மீன் உள்ளிட்ட ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்வுகளை, 6க்கு மேற்பட்ட அளவிலான 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டது 2019இல் வெளியான ஓர் ஆய்வு. மீன் தென்பட்ட 30 நாட்களுக்குள், 100 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நடுக்கம் நேர்ந்தது எத்தனை முறை? ஒரே முறை, 2007இல், நீகாட்டாவில். 336இல் ஒன்றைத் தீர்க்கதரிசனம் என்று சொல்கிறவர், நின்றுபோன கடிகாரம் நாளுக்கு இருமுறை சரியான நேரம் காட்டுவதையும் ஞானம் என்றே சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் நடுக்கம் சுமத்ராவுக்கு அப்பால், கடல்மட்டத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் கீழே, ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் செருகுவதால் தொடங்கியது. துடுப்பு மீனின் உலகம் முதல் ஒரு கிலோமீட்டரோடு முடிகிறது. காலை ஆறரை மணியளவில் நடுங்கிய பூமி அனுப்பிய அலை சென்னைக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம்மை எச்சரிக்க மீன் இல்லை, கருவியும் இல்லை. இன்று கருவி உண்டு. ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தின் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி நடுங்கியபோது சென்னையிலும் ஆட்டம் தெரிந்தது, மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், எச்சரிக்கையும் விடப்பட்டது. தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் அது என்பதால் பெரிய அலை எழவில்லை. அம்மாவிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: மீனைப் பார்க்காதீர்கள், அந்த அறிவிப்பைக் கேளுங்கள், கரையில் நிற்கும்போது பூமி பலமாகவோ நெடுநேரமோ ஆடினாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். பொய்யான எச்சரிக்கைக்கு மூன்று நாள் கூலியை இழந்தவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் அதையும் போன் கதை என்று தள்ளிவிடலாம். புரளி உயிரைக் குடிப்பது இப்படித்தான். இது வெறும் ரசனைச் சண்டையன்று.

இலக்கியக்காரர்களுக்கு மீனின் செவுளில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் விளக்கம் வந்தால் வியப்பு செத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. பட்டினப்பாலையில் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் காட்சி வருகிறது. அது சினைச் சுறாவின் கொம்பு என்று சொல்லும் அளவுக்கு உயிரின் உடலைக் கூர்ந்து கண்ட மரபு நம்முடையது. ஐந்திணையில் ஒன்றையே கடலுக்குக் கொடுத்த மொழி. வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு 2004இல் வந்தது. அவை கரையையும் கரைமக்களையும் நம் புனைவுக்குள் கொண்டுவந்தன. ஆயினும் பெரும்பாலான நம் எழுத்தில் கடல் என்பது இன்னும் அலைதான், மேற்பரப்புதான், பிரிவாற்றாமைக்கு ஒரு திரைச்சீலைதான். நெய்தல் இருநூறு மீட்டருக்குக் கீழே இறங்கவே இல்லை. அங்கே வாழும் உயிருக்கு நம்மிடம் சொல் இல்லாதபோது முதலில் வந்து நிற்கும் சொல் ‘பேரழிவு’ என்பதாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இத்தனைக்கும் ஆழ்கடல் எங்களுக்குத் தொலைவில் இல்லை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலைக் கடந்துதான் போகிறார்கள். 1993இல் தொடங்கப்பட்ட நிறுவனம். மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்தோடு ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தை உருவாக்கி வருவது இதுவே. 2025 தொடக்கத்தில் கட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அது நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அந்தப் பெயர் வடமொழியாக இருப்பது பற்றி எங்கள் மாடியில் ஒரு மாலை முழுதும் காரசாரமாகப் பேசினோம். அக்கலம் கீழே எதைக் காணப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் அங்கே போவது வியப்புக்காக மட்டுமன்று. மத்திய இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோக முண்டுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. அவற்றை அள்ளுவதற்கான ‘வராஹா’ என்ற ஊர்தி 2021இல் 5270 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது. நாளை அங்கே சுரங்கம் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், மேலே உறிஞ்சிய சேற்று நீரை எந்த ஆழத்தில் திருப்பிக் கொட்டுவது என்ற கேள்வி எழும். அது அந்திக் கடலின் உயிர்களை நேரடியாகத் தொடுகிற கேள்வி. சல்லடைச் செவுளால் நீரை வடித்துத் தின்று வாழும் உயிர்களுக்கு அது உயிர்க் கேள்வி. அன்று அதைப் பற்றித் தமிழில் விவாதிக்க நம்மிடம் என்ன இருக்கும்? பேரழிவு மீன் என்று நாம் பெயரிட்டு வைத்த ஒன்றுக்காக யார் வாதாட வருவார்கள்? பெயர் வைப்பது அரசியல் என்று சிற்றிதழ்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அது இங்கும் பொருந்தும்.

எங்கள் வட்டம் சில முடிவுகளை எடுத்திருக்கிறது. அவை மிகச் சிறியவை. ‘பேரழிவு மீன்’ என்ற சொல்லை இனி எழுதமாட்டோம், எழுதுகிறவரைத் திருத்துவோம். மாதம் ஒரு கடலுயிரைப் பற்றி, கரையோர மக்கள் அதற்கு வழங்கும் பெயரோடு, தமிழில் ஒரு கட்டுரையாவது எழுதுவோம். பெயரைக் கேட்டறியக் குப்பத்துக்கு நேரில் போவோம். கவிதை எழுதிய நண்பர் முதல் கட்டுரைக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்.

மறுவாரம் அந்த அம்மாவிடம் இவற்றில் பாதியைச் சொன்னோம். செவுளையும் பொக்கை வாயையும் கேட்டுச் சிரித்தார். மீன் செங்குத்தாக நிற்கும் என்றபோது நம்பவில்லை, “மீன் எங்கனா நிக்குமா சார்?” என்றார். படத்தைக் காட்டினோம். வெகு நேரம் பார்த்தார். “பாவம், வழி தெரியாம மேல வந்துட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். அந்த மீனைப் பற்றித் தமிழில் நாங்கள் கேட்டவற்றில் மிகச் சரியான வாக்கியம் அதுதான். எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.